கால்பந்து ஒப்பந்தமும் மைதானத்துக்கு வெளியே நடக்கும் தவறுகளும்: கொங்கு வட்டாரத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2019 மார்ச் 9 அன்று கோவை நேரு ஸ்டேடியத்தில் சென்னை சிட்டி அணி மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று ஐ-லீக் கோப்பையைக் கைப்பற்றியது. ஈஸ்ட் பெங்காலைவிட ஒரே ஒரு புள்ளிதான் கூடுதல். அந்த சீசனில் 21 கோல் அடித்த பெட்ரோ மான்சியின் பெயர், கிரிக்கெட் தவிர வேறெதுவும் பேசாத டீக்கடைகளிலும் அடிபட்டது. அந்த அணி இப்போது லீக்கில் இல்லை. ஆனால் பொள்ளாச்சியிலும் கோபியிலும் வால்பாறை எஸ்டேட்டுகளிலும் பையன்கள் விளையாடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். சிலர் பெங்களூரு, கோவா, கொல்கத்தா வரை போய்விட்டார்கள். அவர்களும் அவர்களுடைய வீட்டாரும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் இருக்கிறது. வக்கீல் வேண்டிய இடத்தில் வக்கீல்தான் வேண்டும். அவரிடம் எதைக் கேட்பது என்று தெரிந்துகொள்ள இது உதவும்.

கிளப்பிலிருந்து என் மகனுக்கு ஒரு கடிதம் வந்திருக்கிறது. அது போதுமா?

போதாது. உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் கணக்கில் ஒருவர் தொழில்முறை வீரர் ஆக இரண்டு வேண்டும். ஒன்று, கிளப்புடன் எழுத்து மூலமான ஒப்பந்தம். மற்றொன்று, விளையாடுவதற்கு ஆகும் செலவைவிடக் கூடுதலான ஊதியம். இவை இல்லாதவர் எவ்வளவு நன்றாக ஆடினாலும் அமெச்சூர்தான். 'தேர்வாகியிருக்கிறீர்கள், ஜூன் மாதம் முகாமுக்கு வரவும்' என்பது வெறும் அழைப்பு. அதைக் காட்டிச் சம்பளம் கேட்க முடியாது.

ஒப்பந்தத்தில் எத்தனை சீசன், மாதம் எவ்வளவு, எந்தத் தேதிக்குள், காயம்பட்டால் சிகிச்சைச் செலவு யாருடையது, காயத்தில் இருக்கும் மாதங்களுக்குச் சம்பளம் உண்டா, எந்தத் தவறுக்கு எவ்வளவு அபராதம் என்பதெல்லாம் இருக்க வேண்டும். குறைந்தது அந்த சீசன் முடியும் வரை, அதிகபட்சம் 5 ஆண்டு என்பது ஃபிஃபாவின் வரம்பு. 'மருத்துவப் பரிசோதனையில் தேறினால்தான் ஒப்பந்தம் செல்லும்' என்று நிபந்தனை வைக்க விதியில் இடமில்லை. பரிசோதனையைக் கையெழுத்துக்கு முன்பே முடித்துக்கொள்வது கிளப்பின் பொறுப்பு.

நூல் பில்லில் கிலோவுக்கு ஐம்பது காசு வித்தியாசம் இருந்தாலும் கண்டுபிடித்துவிடும் திருப்பூர் அப்பாக்கள், மகனின் ஒப்பந்தத்தில் மட்டும் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறார்கள். எனக்கு இது இன்றும் விளங்கவில்லை. எல்லாப் பக்கங்களையும் படியுங்கள். ஆங்கிலம் சிரமமாக இருந்தால் இரண்டு நாள் அவகாசம் கேளுங்கள். அவகாசம் தர மறுக்கும் கிளப்பைப் பற்றி அந்த மறுப்பே நிறையச் சொல்லிவிடும். கையெழுத்தான பிரதி ஒன்றை அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள். பிற்பாடு தகராறு என்று வந்தால், 'காபி அப்புறம் அனுப்புகிறோம்' என்ற வாக்கு எங்கும் செல்லாது.

மகனுக்கு 16 வயது. அவன் கையெழுத்துப் போடலாமா?

1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி 18 நிரம்பாதவர் ஒப்பந்தம் செய்யத் தகுதியற்றவர். அவர் செய்த ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே செல்லாது என்பது 1903-இல் பிரிவி கவுன்சில் மொஹோரி பீபி வழக்கில் சொன்னது. அதனால்தான் கிளப்புகள் பெற்றோர் கையெழுத்தையும் கேட்கின்றன. 18 வயதுக்குக் கீழ் இருப்பவருடன் 3 ஆண்டுக்கு மேல் ஒப்பந்தம் போட்டால், கூடுதல் ஆண்டுகளை ஃபிஃபா கணக்கில் எடுப்பதில்லை.

ஒன்றைத் தனியாகத் தேடிப் பாருங்கள். 'கிளப் விரும்பினால் மேலும் இரண்டு ஆண்டு நீட்டிக்கலாம்' என்ற வரி. வீரருக்கு அதே உரிமை இல்லாமல், சம்பள உயர்வும் இல்லாமல் கிளப்புக்கு மட்டும் தரப்படும் இத்தகைய உரிமைகள் தகராறு மன்றங்களில் பல முறை அடிவாங்கியிருக்கின்றன. ஆனால் தகராறு மன்றம் வரை போக ஈரோட்டுக் குடும்பத்துக்கு எத்தனை நாள், எவ்வளவு பணம் ஆகும்? கையெழுத்துக்கு முன்பே அந்த வரியை அடிக்கச் சொல்வதுதான் மலிவான வழி.

'ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) டிரையலுக்கு அனுப்புகிறேன், இரண்டு லட்சம் கொடுங்கள்' என்கிறார் ஒரு ஏஜென்ட். கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். 2023 முதல் ஏஜென்ட் ஆக ஃபிஃபா உரிமம் வேண்டும். உரிமம் பெற்றவர்களின் பட்டியலை ஃபிஃபாவின் இணையதளத்திலேயே எவரும் பார்க்கலாம். உண்மையான ஏஜென்ட் ஒப்பந்தம் கிடைத்த பிறகு அதிலிருந்து ஒரு சதவீதம் வாங்குவார். ஒப்பந்தம் கிடைக்கும் முன்பே ரொக்கம் கேட்பவர் விற்பது நம்பிக்கையை மட்டும்தான். சிறுவர்களைப் பெற்றோரின் எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமல் அணுகுவதே விதிமீறல்.

ரயில்வே, போலீஸ் ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலை கிடைத்தால் இந்தத் தொல்லை இல்லையே?

பணி நிரந்தரம், ஓய்வுக்காலப் பாதுகாப்பு எல்லாம் உண்டு. மறுக்கவில்லை. ஆனால் மைதானத்துக்கு வெளியே நடக்கும் தவறு என்று வந்தால் அரசு வேலை இன்னும் கறாரானது. குற்ற வழக்கில் 48 மணி நேரத்துக்கு மேல் காவலில் இருந்தாலே மத்திய அரசு ஊழியர் தற்காலிகப் பணிநீக்கம் ஆனவராகக் கருதப்படுவார். பிழைப்பூதியம் மட்டும்தான் வரும். கிளப் ஒப்பந்தத்தில் அப்படித் தானாக நடப்பது எதுவும் கிடையாது. எழுதியிருந்தால்தான் உண்டு.

இரண்டு மாதமாகச் சம்பளம் வரவில்லை. பையை எடுத்துக்கொண்டு ஊருக்கு வந்துவிடலாமா?

அவசரப்பட வேண்டாம். இந்த ஓர் இடத்தில் வரிசை தவறினால் நியாயம் உங்கள் பக்கம் இருந்தும் வழக்கு எதிர்ப்பக்கம் போய்விடும். ஃபிஃபா விதியின் 14-பிஸ் பிரிவு சொல்வது இது: குறைந்தது இரண்டு மாதச் சம்பளம் உரிய தேதியில் வராமல் இருக்க வேண்டும். பிறகு வீரர் கிளப்புக்கு எழுத்தில் அறிவிப்புக் கொடுத்து, குறைந்தது 15 நாள் அவகாசம் தர வேண்டும். அதற்கும் பணம் வராவிட்டால் நியாயமான காரணத்துடன் ஒப்பந்தத்தை முறிக்கலாம். நோட்டீஸ் கொடுக்காமல் கோவை எக்ஸ்பிரஸில் ஏறி வந்துவிட்டால், 'வீரர் ஓடிவிட்டார்' என்று கிளப் வழக்குப் போடும். வாட்ஸ்அப்பில் மேனேஜருக்கு 'சார், சேலரி?' என்று அனுப்பியதை நோட்டீஸ் என்று நம்ப வேண்டாம். மின்னஞ்சலும் பதிவுத் தபாலும் அனுப்புங்கள்.

சிறிய கிளப்புகளில் மட்டும்தான் இது நடக்கும் என்று எண்ண வேண்டாம். ஐ.எஸ்.எல். நடத்தும் உரிமை பற்றிய உடன்பாடு புதுப்பிக்கப்படாமல் 2025-26 சீசன் தொங்கலில் கிடந்தபோது, பெங்களூரு எஃப்.சி. போன்ற பெரிய கிளப்பே 2025 ஆகஸ்டில் முதல் அணியின் வீரர்களுக்கும் ஊழியர்களுக்கும் சம்பளத்தை நிறுத்தி வைப்பதாக அறிவித்தது. வீரர்களுக்கென்று இந்தியக் கால்பந்து வீரர்கள் சங்கம் (எஃப்.பி.ஏ.ஐ.) இருக்கிறது. பாய்ச்சுங் பூட்டியா முன்னின்று 2006-இல் தொடங்கியது. ஊரில் பலருக்கு அதன் பெயரே தெரியாது. முதல் ஒப்பந்தம் போட்டதும் அதில் உறுப்பினராகிவிடுங்கள்.

இன்னொரு கிளப் இரண்டு மடங்கு தருகிறது. ஒப்பந்தம் பாதியில் இருக்கிறது. மாறலாமா?

இரண்டு கிளப்புகளும் பேசி ஒப்புக்கொண்டால் மாறலாம். இல்லாவிட்டால், ஒப்பந்தத்தில் மீதி 6 மாதம் இருக்கும்போதுதான் மற்றக் கிளப்புடன் கையெழுத்திடும் சுதந்திரம் வருகிறது. நடுவில் காரணமின்றி முறித்தால் இழப்பீடு கட்ட வேண்டும். 28 வயதுக்கு முன் போட்ட ஒப்பந்தமாக இருந்து முதல் 3 ஆண்டுக்குள் முறித்தால் 4 மாத விளையாட்டுத் தடையும் சேரும்.

இந்தியாவில் எல்லோரும் பார்த்த வழக்கு அன்வர் அலியுடையது. சொந்தக் கிளப்பான டெல்லி எஃப்.சி.யிலிருந்து 4 ஆண்டு லோனில், அதாவது இரவல் வீரராக, மோகன் பகானில் இருந்தவர், 2024-இல் அதை முறித்துக்கொண்டு டெல்லி எஃப்.சி. வழியாக ஈஸ்ட் பெங்காலுக்குப் போனார். அந்த செப்டம்பரில் அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்தின் (ஏ.ஐ.எஃப்.எஃப்.) வீரர் நிலைக் குழு அவருக்கு 4 மாதத் தடை விதித்தது. அவரும் அந்த இரு கிளப்புகளும் சேர்ந்து 12.90 கோடி ரூபாய் தர வேண்டும் என்றும் சொன்னது. சில நாட்களிலேயே வழக்கு டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போய், அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. அன்வர் அலிக்கு வாதாடப் பெரிய கிளப்பே பின்னால் இருந்தது. மேட்டுப்பாளையத்துப் பையனுக்கு அப்படி யாரும் வரமாட்டார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு முடிவெடுங்கள்.

2024 அக்டோபரில் ஐரோப்பிய நீதிமன்றம் டியாரா என்ற வீரரின் வழக்கில் ஃபிஃபாவின் சில விதிகள் வீரர்களை அளவுக்கு மீறிக் கட்டிப்போடுகின்றன என்று சொன்ன பிறகு, இழப்பீட்டைக் கணக்கிடும் முறை மாறி வருகிறது. பழைய கட்டுரையைப் படித்துவிட்டுத் தொகையைக் கணக்குப் போடாதீர்கள்.

வாளையார் தாண்டி செவன்ஸ் ஆடப் போகலாமா? ஒரு மேட்சுக்கு நல்ல காசு கிடைக்கிறதே?

இந்தப் பகுதியில் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். அதிகம் பேரைக் கவிழ்த்ததும் இதுவே.

பாலக்காட்டிலும் மலப்புரத்திலும் மழை ஓய்ந்ததும் தொடங்கி மே வரை இரவு விளக்கில் நடக்கும் ஏழு பேர் ஆட்டம் அழகானது. மூங்கில் காலரி நிறையக் கூட்டம், ஆப்பிரிக்க வீரர்கள், ஆட்டம் முடிந்ததும் கையில் ரொக்கம். கோவையிலிருந்து மாலையில் கிளம்பினால் விடிவதற்குள் வீடு திரும்பலாம். பார்க்கப் போனால் நானே உட்கார்ந்துவிடுவேன். ஆனால் அந்தப் போட்டிகளை நடத்துவது தனிச் சங்கம். ஏ.ஐ.எஃப்.எஃப். அமைப்புக்குள் வராதது. கிளப் ஒப்பந்தத்தில் 'எழுத்து மூலமான அனுமதியின்றி வேறெங்கும் ஆடக் கூடாது' என்ற பிரிவு அநேகமாக எப்போதும் இருக்கும். அதை மீறினால் அபராதம் நிச்சயம். ஒப்பந்த முறிப்பும் வரலாம்.

அதைவிடப் பெரிய ஆபத்து முழங்கால். கடினமான, மேடுபள்ளமான தரையில் ஆடி லிகமென்ட் அறுந்தால், கிளப்பின் காப்பீடு அந்தச் செலவை ஏற்காது. செவன்ஸ் அமைப்பாளர் அன்றைய ஆட்டக்கூலியோடு கணக்கை முடித்துக்கொள்வார். அறுவை சிகிச்சைச் செலவு, ஆடாத ஒன்பது மாதம், அடுத்த ஒப்பந்தம் கிடைக்காமல் போவது எல்லாம் வீட்டின் தலையில்தான் விழும். 'வேறு பெயரில் ஆடினான், யாருக்கும் தெரியாது' என்பார்கள். காலரியில் இருக்கும் ஒவ்வொரு கையிலும் செல்போன் இருக்கிறது. மறுநாள் காலையில் வீடியோ கோச்சின் மேசைக்கு வந்துவிடும். ஒப்பந்தம் இல்லாதவர், அமெச்சூர், போகட்டும். ஒப்பந்தம் உள்ளவர் அனுமதி கேட்டு எழுத்தில் வாங்கட்டும், அல்லது வீட்டில் இருக்கட்டும்.

மைதானத்துக்கு வெளியே தவறு செய்தால் ஒப்பந்தம் போய்விடுமா?

என்ன எழுதியிருக்கிறது, கிளப் எந்த வழியில் நடவடிக்கை எடுத்தது என்ற இரண்டையும் பொறுத்தது. இரண்டு பெரிய வழக்குகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் புரியும்.

ருமேனிய வீரர் அட்ரியன் முட்டுவை 2003-இல் செல்சீ பெரும் விலை கொடுத்து வாங்கியது. 2004-இல் கொக்கைன் பரிசோதனையில் சிக்கினார். கிளப் அவரை நீக்கியது. அத்தோடு விடவில்லை. அவரால் தனக்கு நேர்ந்த நஷ்டத்துக்கு இழப்பீடும் கேட்டது. 2008-இல் ஃபிஃபா 1.7 கோடி யூரோவுக்கு மேல் கட்டச் சொன்னது. அடுத்த ஆண்டு சுவிட்சர்லாந்தில் உள்ள விளையாட்டு நடுவர் மன்றமும் அதை உறுதி செய்தது. தவறு செய்த வீரர் வேலையை இழப்பதோடு கடனாளியும் ஆகலாம் என்று உலகம் கண்டது அப்போதுதான்.

பெஞ்சமின் மென்டியின் கதை வேறு. 2021 ஆகஸ்டில் அவர் மீது பாலியல் குற்றச்சாட்டு பதிவானது. மான்செஸ்டர் சிட்டி அவரை ஒதுக்கி வைத்து, செப்டம்பரிலிருந்து சம்பளத்தையும் நிறுத்தியது. 2023-இல் இரண்டு விசாரணைகளின் முடிவில் அவர் எல்லாக் குற்றச்சாட்டுகளிலிருந்தும் விடுவிக்கப்பட்டார். பிறகு நிலுவைச் சம்பளம் 1.1 கோடி பவுண்டுக்கு மேல் கேட்டு வழக்குப் போட்டார். 2024 நவம்பரில் தொழிலாளர் தீர்ப்பாயம் அதில் பெரும்பகுதியைத் தரச் சொன்னது. சிறைக்காவலில் இருந்த மாதங்களுக்கு மட்டும் கிடையாது. அப்போது அவர் வேலைக்கு வரும் நிலையில் இல்லை என்பது காரணம். மற்ற மாதங்களில் சம்பளத்தைப் பிடிக்க ஒப்பந்தத்தில் கிளப்புக்கு அதிகாரமே எழுதப்பட்டிருக்கவில்லை.

ஆகவே கிளப்பின் கோபம் வேறு, கிளப்பின் அதிகாரம் வேறு. இங்கிலாந்தில் ஒரு தவறுக்கு வழக்கமாக இரண்டு வாரச் சம்பளம்தான் அதிகபட்ச அபராதம். நம் ஊர் ஒப்பந்தங்களில் இத்தகைய வரம்பு எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் எழுதச் சொல்லுங்கள். 'கிளப்பின் பெயருக்குக் களங்கம் விளைவிக்கும் எந்தச் செயலுக்கும் உடனடி நீக்கம்' என்ற பிரிவுதான் மிகவும் அபாயமானது. எது களங்கம் என்று முடிவு செய்வது அதே கிளப்தான். விளக்கக் கடிதம் கேட்ட பிறகு, நேரில் விசாரித்த பிறகு என்ற சொற்களையாவது அதில் சேர்க்கப் பாருங்கள்.

எந்தெந்தத் தவறுகள் இங்கே அதிகம் வருகின்றன?

குடித்துவிட்டு வண்டி ஓட்டுவது முதலாவது. 100 மி.லி. ரத்தத்தில் 30 மி.கி. ஆல்கஹாலைத் தாண்டினால் குற்றம். முதல் முறைக்கே 10,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அவிநாசி சாலையில் இரவு சோதனை நடப்பது எல்லோருக்கும் தெரியும், இருந்தும் போகிறார்கள்.

அடுத்தது 18 வயது நிரம்பாத பெண்ணுடனான பழக்கம். 'காதல்தானே' என்ற பதிலைப் போக்சோ சட்டம் ஏற்பதில்லை. 19 வயது வீரருக்கும் 17 வயதுப் பெண்ணுக்கும் இடையிலானது என்றாலும் வழக்கு வழக்குதான். அகாடமி விடுதிகளில் இதை யாரும் வாய்திறந்து சொல்லித் தருவதில்லை.

இன்னொன்றைப் பேசப் பலருக்கும் தயக்கம். சாதிப் பெருமை ரீல்ஸ். ஊர்த் திருவிழாவில் எடுத்த வீடியோ, பின்னணியில் ஒரு பாட்டு, கீழே இன்னொரு சாதியைச் சீண்டும் வரி. ஊரில் நூறு லைக் வரும். அணியில் பக்கத்து லாக்கர் வைத்திருப்பவர் அதைப் பார்த்துவிட்டு அடுத்த நாள் உங்களுக்கு எப்படிப் பாஸ் கொடுப்பார்? எஸ்.சி., எஸ்.டி. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், பிறப்பு, நிறம், இனம் சொல்லி இழிவுபடுத்தும் வீரருக்குக் குறைந்தது 10 ஆட்டத் தடை என்று ஃபிஃபாவின் ஒழுங்கு விதி சொல்கிறது. பழைய பதிவுகளை இன்றே அழித்துவிடுவது நல்லது. இனிப் போடாமல் இருப்பது இன்னும் நல்லது.

பெரிய நட்சத்திரங்கள் எது செய்தாலும் தப்பிவிடுகிறார்களே?

பெரும்பாலும் உண்மை. 2022 பிப்ரவரியில் கர்ட் ஸூமா தன் பூனையை உதைக்கும் வீடியோ வெளியானது. வெஸ்ட் ஹாம் அவருக்கு இரண்டு வாரச் சம்பளத்தை அபராதம் போட்டு அந்தத் தொகையை விலங்கு நல அமைப்புகளுக்குக் கொடுத்தது. ஆனால் வீடியோ வந்த மறுநாள் மாலை ஆட்டத்திலேயே பயிற்சியாளர் அவரைக் களமிறக்கினார். புள்ளிகள் தேவைப்பட்டன, அவ்வளவுதான். ஒரு விளம்பரதாரர் விலகிய பிறகுதான் கிளப்புக்குச் சூடு தெரிந்தது. நீதிமன்றம் 180 மணி நேரச் சமூக சேவை விதித்தது.

மான்செஸ்டர் யுனைடெட் வீரர் மேசன் கிரீன்வுட் 2022 ஜனவரியில் பாலியல் வன்முறைப் புகாரில் கைது செய்யப்பட்டார். அவர் மீதான குற்றச்சாட்டுகள் 2023 பிப்ரவரியில் கைவிடப்பட்டன. அவரும் அவற்றை மறுத்தே வந்தார். மான்செஸ்டர் யுனைடெட் ஆறு மாதம் உள்விசாரணை நடத்தியது. ரசிகர்களின் எதிர்ப்பு வலுத்ததும், இனி இங்கே ஆட மாட்டார் என்று முடிவெடுத்தது. ஆனால் ஒப்பந்தத்தை முறிக்கவில்லை. ஹெட்டாஃபேவுக்கு லோனில் அனுப்பி, 2024-இல் மார்சேய்க்கு நல்ல விலைக்கு விற்றது. விற்க முடிந்த வீரரை எந்தக் கிளப்பும் சும்மா விடுவிப்பதில்லை.

ஒழுக்கத்தை அளக்க கிளப் பயன்படுத்தும் படியில் கோல்களும் சந்தை விலையும் சேர்ந்தே நிறுக்கப்படுகின்றன என்பது என் முடிவு. உங்கள் மகன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் 20 வயது லெஃப்ட் பேக் என்றால், அவர்களுக்குக் கிடைத்த மன்னிப்பை எதிர்பார்த்து இருக்க வேண்டாம். அவனுக்குத் துணை ஒப்பந்தத் தாள் மட்டும்தான்.

அமெரிக்காவில் ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்களாமே?

அது வேறு ஆட்டம், முட்டை வடிவப் பந்து. அங்கே என்.எஃப்.எல். என்ற அமெரிக்கக் கால்பந்து லீக்கின் ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் மொத்தத் தொகை முழுவதும் உறுதி செய்யப்பட்டது அல்ல. உறுதியளிக்கப்பட்ட பகுதி போக மீதியை, அணி அவரை விடுவித்தால் தர வேண்டியதில்லை. அதனால் அணியின் முடிவு வேகமாக வரும்.

ரே ரைஸ் 2014-இல் லிஃப்டில் தன் வருங்கால மனைவியை அடித்தார். லீக் முதலில் விதித்தது வெறும் 2 ஆட்டத் தடை. செப்டம்பர் 8 அன்று லிஃப்டுக்குள் நடந்ததன் வீடியோ வெளியானது. அன்றே பால்டிமோர் ரேவன்ஸ் அவரை விடுவித்தது. லீக் காலவரையற்ற தடை போட்டது. ஒரே குற்றத்துக்கு இரண்டு முறை தண்டிக்க முடியாது என்று நடுவர் நவம்பரில் அதை ரத்து செய்தார். தடை போனாலும் எந்த அணியும் அவரை அதன் பிறகு எடுக்கவில்லை.

டேஷான் வாட்சன் மீது இருபதுக்கு மேற்பட்ட பெண்கள் சிவில் வழக்குத் தொடுத்திருந்த நிலையிலேயே, 2022-இல் கிளீவ்லண்ட் பிரவுன்ஸ் அவருக்கு 5 ஆண்டுக்கு 23 கோடி டாலரை முழு உறுதியோடு கொடுத்தது. அவர் குற்றச்சாட்டுகளை மறுத்தார். குற்ற வழக்கு பதிவாகவில்லை. லீக் 11 ஆட்டத் தடையும் 50 லட்சம் டாலர் அபராதமும் விதித்தது. தடை வரும் என்று எதிர்பார்க்கப்பட்ட முதல் ஆண்டின் அடிப்படைச் சம்பளத்தை ஒப்பந்தத்திலேயே மிகவும் குறைத்து வைத்திருந்ததால், தடையால் போன சம்பளம் சொற்பம்.

நண்பர்களோடு சும்மா நூறு ரூபாய் பந்தயம் கட்டினால் என்ன?

ஃபிஃபாவின் நெறிமுறைப்படி கால்பந்து ஆட்டங்களின் மீது வீரர் பந்தயம் கட்டவே கூடாது. தொகை பொருட்டல்ல, தன் அணி ஆடாத ஆட்டமாக இருந்தாலும் சரி. பிரென்ட்ஃபோர்டின் ஐவன் டோனி 232 விதிமீறல்களுக்காக 2023-இல் 8 மாதத் தடை பெற்றார். நியூகாசிலின் சாண்ட்ரோ டொனாலிக்கு 10 மாதம். இருவருக்கும் சூதாட்டப் பழக்கம் நோயாகவே இருந்தது. கிளப்புகள் அவர்களைக் கைவிடவில்லை. தமிழ்நாட்டில் ஆன்லைன் சூதாட்டத்துக்கு 2023 முதல் தனித் தடைச் சட்டமும் இருக்கிறது. இன்னொன்று: 'காலையில் யார் ஆடப்போகிறார்கள்?' என்று நண்பன் கேட்டு, நீங்கள் சொல்லி, அவன் பந்தயம் கட்டினாலும் மாட்டிக்கொள்வது நீங்கள்தான்.

ஜிம்மில் கொடுக்கும் பவுடரைச் சாப்பிடலாமா?

ஊக்கமருந்து விதியில் 'எனக்குத் தெரியாது' என்பதற்கு இடம் மிகக் குறைவு. உடலில் இருப்பது எப்படி வந்தது என்று நிரூபிக்க வேண்டியவர் வீரர். பால் போக்பாவுக்கு 2024-இல் 4 ஆண்டுத் தடை வந்தது. தெரியாமல் எடுத்த சப்ளிமென்ட் என்று வாதாடி 18 மாதமாகக் குறைத்தார். ஆனாலும் யுவென்டஸ் ஒப்பந்தம் முடிவுக்கு வந்துவிட்டது. லேபிள் இல்லாத டப்பாவைத் தொடாதீர்கள். நாட்டு மருந்து லேகியத்துக்கும் இதுவே பதில்.

மகள் விளையாடுகிறாள். அவளுக்கு வேறு ஏதாவது பார்க்க வேண்டுமா?

ஆம். தவறு செய்வது வீரர்கள் மட்டும் அல்ல. 2022-இல் 17 வயதுக்குட்பட்ட இந்திய மகளிர் அணியின் உதவிப் பயிற்சியாளர், ஐரோப்பியச் சுற்றுப்பயணத்தின்போது எழுந்த பாலியல் அத்துமீறல் புகாரில் நீக்கப்பட்டார். விடுதியில் பெண் பொறுப்பாளர் உண்டா, வெளியூர்ப் பயணத்தில் யார் உடன் வருகிறார், புகாரை விசாரிக்க உள்குழு இருக்கிறதா என்று முதலிலேயே கேளுங்கள். இவற்றுக்கு முகம் சுளிக்கும் இடத்தில் மகளை விடாதீர்கள்.

கர்ப்பத்தைக் காரணம் காட்டி ஒப்பந்தத்தை முறிக்க முடியாது. 2021 முதல் ஃபிஃபா விதியில் குறைந்தது 14 வார மகப்பேறு விடுப்பும் மூன்றில் இரண்டு பங்கு சம்பளமும் உண்டு.

கோச் என் மகனை இறக்குவதே இல்லை. புகார் கொடுக்கலாமா?

யாரை ஆடவிடுவது என்பது பயிற்சியாளரின் உரிமை. நிலைபெற்ற தொழில்முறை வீரர் ஒருவர் ஒரு சீசனில் 10 சதவீதத்துக்கும் குறைவான ஆட்டங்களில் ஆடியிருந்தால் ஒப்பந்தத்தை விட்டு விலக ஒரு பிரிவு இருக்கிறது. புதிதாக வந்த பையனுக்கு அது பொருந்தாது. ஆனால் ஒழுங்கு நடவடிக்கை எதுவும் இல்லாமல் அணிப் பயிற்சியிலிருந்தே விலக்கி, மைதான ஓரத்தில் தனியாக ஓடவிடுவது வேறு. அதைத் தேதியோடு எழுதி வையுங்கள்.

எங்கள் ஊர் கோச்சிங் கேம்ப்பில் வளர்ந்த பையன் வெளிநாட்டுக்குப் போனால் எங்களுக்கு ஏதாவது கிடைக்குமா?

வெளிநாட்டு கிளப் ஒன்று விலை கொடுத்து அவரை வாங்கினால், அந்தத் தொகையில் 5 சதவீதம் அவரை வளர்த்தவர்களுக்குப் பிரியும். 12 முதல் 15 வயது வரை ஆண்டுக்கு 0.25 சதவீதம், 16 முதல் 23 வரை ஆண்டுக்கு 0.5 சதவீதம். ஒரு கோடி ரூபாய்க்குப் போனால், 12 முதல் 15 வயது வரை நான்கு ஆண்டு வளர்த்த சிறு கிளப்புக்கு ஒரு லட்சம். ஆனால் கேம்ப் மாவட்டச் சங்கம் வழியாக முறைப்படி பதிவாகி, பையனின் பெயரும் ஏ.ஐ.எஃப்.எஃப். பதிவில் அந்தக் கிளப்பின் கீழ் இருக்க வேண்டும். விடியற்காலை ஐந்து மணிக்கு விசிலோடு நிற்கும் எத்தனையோ பயிற்சியாளர்கள் இந்தப் பதிவைச் செய்யாமலே விட்டுவிடுகிறார்கள்.

வழக்குப் பதிவாகிவிட்டது என்று நடு இரவில் போன் வந்தால் முதலில் என்ன செய்வது?

முதல் போன் வக்கீலுக்கு. மாமாவுக்கோ கட்சிக்காரருக்கோ அல்ல. எஃப்.ஐ.ஆர். நகலை வாங்குங்கள். இரண்டாவது தகவல் கிளப்புக்கு, மறுநாள் காலைக்குள், எழுத்தில், வக்கீல் பார்த்துக் கொடுத்த இரண்டு வரி மட்டும். கிளப் செய்தித்தாளில் படித்துத் தெரிந்துகொண்டால், தவறோடு மறைத்த குற்றமும் சேரும். இன்ஸ்டாகிராமில் விளக்கம், நண்பர்கள் வழியாக ஆதரவுப் பதிவு, புகார் கொடுத்தவரைத் தொடர்புகொள்ளும் முயற்சி எதுவும் கூடாது. கடைசியாகச் சொன்னது ஜாமீனையே கெடுத்துவிடும்.

கிளப் 'நீங்களாக ராஜினாமா கடிதம் கொடுத்துவிடுங்கள், பெயர் கெடாமல் முடித்துக்கொள்வோம்' என்று சொல்லக்கூடும். அன்றைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். அந்தக் கடிதம் கொடுத்துவிட்டால் மீதி ஒப்பந்தச் சம்பளத்தைக் கேட்கும் உரிமையும் அதோடு போகிறது. ஒதுக்கி வைத்திருக்கும் காலத்தில் பயிற்சிக்கு வரத் தயார் என்று வாரம் ஒரு மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டே இருங்கள், பதில் வராவிட்டாலும்.